பத்தொன்பது நாள்

காலை ஏழரை மணிக்கே தெருவைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று, வீட்டில் பெரியவள் என்று கூப்பிடப்படும் மூத்த மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் லாரி முன்னால் ஊர்ந்தது. பின்னால் நான்கு பேர் நீளத் துடைப்பத்தோடு தேய்த்துக்கொண்டே வந்தார்கள். முந்தாநாள்தான் இதே தெருவைக் கழுவியிருந்தார்கள். அன்றைக்கும் அது சுத்தமாகத்தான் இருந்தது. சுத்தமாக இருப்பதை எதற்கு இப்படி விழுந்து விழுந்து தேய்க்கிறார்கள்?

விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் ஒரு பதாகை. 'வாழத் தகுந்த நாடுகளில் உலகில் மூன்றாம் இடம்.' அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'இது நம் ஒவ்வொருவரின் வெற்றி.'

அந்த வெற்றியில் அவளுக்கும் பங்கு உண்டு. பதினான்கு வருஷமாகப் புள்ளிவிவரத் துறையில் வேலை. போன வாரம் அங்கே ஒரு பழைய கோப்பைத் தேடப் போய், தேடாத ஒன்று கையில் அகப்பட்டதும், அன்றிலிருந்து அவளுக்குச் சரியாகச் சோறு இறங்காததும் உங்களுக்கு நினைவிருக்கும். இல்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த நாட்டில் ஒருவர் ஆபரேஷனுக்குக் காத்திருப்பது சராசரி இருபத்திரண்டு நாள் என்று உலகமே மெச்சுகிறது. அந்த நாளை எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறார்கள் என்பதுதான் அவள் கண்டுபிடித்தது. 'ஆபரேஷன் பண்ணியாகணும்' என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அல்ல. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுப் பட்டியலில் பேர் ஏறிய நாளிலிருந்து. அந்தக் கையெழுத்துக்காக ஒருவர் எத்தனை மாதம் தவம் கிடந்தாலும் அது எந்தத் தாளிலும் வராது.

அவளுடைய அப்பா இதய வால்வு ஆபரேஷனுக்குப் பதினொரு மாதமாகக் காத்திருக்கிறார். பட்டியலில் அவருக்குப் பத்தொன்பது நாள்.

எட்டு மணிக்கு ஃபோன் வந்தது. துணை இயக்குநர். ஆபீஸில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சிரிப்பு சார்'. திட்டும்போதும் சிரிப்பார், வேலையை விட்டு அனுப்பும்போதும் சிரிப்பார்.

"அப்பா எப்படிம்மா இருக்கார்?"

"இருக்கார் சார்."

"நல்லது. உலக நாடுகளுக்கு இடம் போடுற மதிப்பீட்டுக் குழுவிலேர்ந்து வந்திருக்கிற அம்மா இன்னைக்கு ரெண்டு வீடுதான் பார்க்கப்போறாங்க. நாடுகளோட வரிசையை அடுத்த மாசம் புதுப்பிக்கணுமாம், நேர்ல பேசாம எழுத மாட்டாங்களாம். குலுக்கல்ல உங்க வீடு விழுந்திருக்கு. பதினோரு மணி."

குலுக்கல் எப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சீட்டு எழுதுகிறவளே அவள்தான். இந்தத் தடவை அவளை எழுதச் சொல்லவில்லை.

"எத்தனை நாளா காத்திருக்கீங்கன்னு அப்பாகிட்ட கேட்பாங்க. ஆஸ்பத்திரிப் பட்டியல்ல என்ன இருக்கோ அதைச் சொன்னாப் போதும். பொய் சொல்லச் சொல்லலை பாருங்க."

"சரி சார்."

"வியாழக்கிழமை இதயப் பிரிவுல ஒரு இடம் காலியாகுதாம். சும்மா காதுல விழுந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் சிரித்துக்கொண்டே ஃபோனை வைத்துவிட்டார்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு லீவு போட்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பட்டியல்ல பத்தொன்பதுதானே போட்டிருக்கு. அதைச் சொல்லச் சொல்றாங்க. சொல்லிட்டுப் போறார்."

"அப்பாகிட்ட யார் சொல்றது?"

"நீதான். நான் சொன்னா மாப்பிள்ளைக்கு என்ன அவசரம்னு நினைப்பார்."

அவள் அப்பாவின் அறைக்குப் போனாள். முகச் சவரம் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடி முன் நின்று செய்த காலம் போய், இப்போது கட்டிலில் உட்கார்ந்து கைக்கண்ணாடி பிடித்துச் செய்கிறார். பாதங்கள் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. ஒரு கன்னம் முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். மலைப்பாதையில் ஒரு கையால் வளைவு எடுத்தவர்.

"மூணாவது இடம்னு போட்டிருக்கானே, பார்த்தியா?" என்றார். "நானா இருந்தா ரெண்டாவதே குடுத்திருப்பேன்."

"அப்பா, இன்னைக்கு வர்றவங்க உங்ககிட்ட..."

"கேட்கட்டும். சும்மா வீட்ல உட்கார்ந்திருக்கிறவன்கிட்ட யாராவது ஏதாவது கேட்டாத்தானே பொழுது போகும்."

அடுத்த கன்னத்துக்கு நுரை தடவிக்கொண்டார். அவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்தாள். கூடத்தில் கணவன் புருவத்தை உயர்த்தினான். அவள் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பை அவன் 'ஆச்சு' என்று எடுத்துக்கொண்டான். அவளும் திருத்தவில்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

வந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். நரைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கையில் ஒரு அட்டையும் பென்சிலும். இந்த ஊர் மொழி அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. மொழிபெயர்க்க சிரிப்பு சாரே வந்திருந்தார். அவளுடைய பாஷையில் அவர் பேசுவது கொஞ்சம் அலங்காரமாகவே இருந்தது.

பெரியவளுக்கும் அந்தப் பாஷை தெரியும். அந்தக் குழுவின் அறிக்கைகளைப் பதினான்கு வருஷம் படித்துப் படித்துத் தானாக வந்தது. யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கேள்விகள் வரிசையாக வந்தன. தண்ணீர் எப்படி? "குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறேன்." தெருவில் பயம் உண்டா? "ராத்திரி கடைசி ட்ரிப் முடிஞ்சு தனியா நடந்து வருவேன். இதுவரைக்கும் ஒருத்தன் என்னை வழிமறிச்சதில்ல." குழந்தைகள் படிப்பு? அப்பா பெரியவளைக் கைகாட்டினார். "இவளும் இவ தங்கச்சியும் படிச்ச படிப்புக்கு என் சம்பளம் காணாது. எல்லாம் இந்த நாடு குடுத்தது."

எல்லாவற்றையும் சிரிப்பு சார் சுத்தமாக மொழிபெயர்த்தார். பென்சில் ஓடியது.

"ஆபரேஷனுக்கு எத்தனை நாளா காத்திருக்கீங்கன்னு கேட்கிறாங்க."

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பதினொரு மாசம். கையெழுத்துக்கே பத்து மாசத்துக்கு மேல ஆச்சு. மூணு தடவை என் பைலைத் தொலைச்சாங்க."

 கணவன் பெரியவளின் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையைச் சந்திக்காமல் அவள் சிரிப்பு சாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. வந்தவளின் பக்கம் சாய்ந்து அவளுடைய பாஷையில் சொன்னார். "பத்தொன்பது நாள் என்கிறார். டாக்டர்களுக்குத் தன் நன்றியைச் சொல்லச் சொன்னார்."

வந்தவள் எழுதிக்கொண்டாள். அப்பா, தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவளை உலுக்கியது அந்தத் தலையாட்டல்தான். அவர் வாயிலிருந்து வந்ததை அவர் கண்ணெதிரே எடுத்துக் கடாசிவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறார்கள். அவரோ அதற்கும் சேர்த்துத் தலையாட்டுகிறார். வியாழக்கிழமை மனதில் வந்து நின்றது. அவள் பேசாமல் இருந்தால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

"மன்னிக்கணும்," என்று அந்தப் பாஷையில் தன் குரல் கேட்டது. "என் அப்பா சொன்னது பதினொரு மாதம்."

பென்சில் நின்றது.

வந்தவள் முதலில் பெரியவளைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு சாரை. பிறகு பென்சிலைத் தலைகீழாகத் திருப்பி, எழுதியதை நிதானமாக அழித்தாள். கூடத்தில் அந்த ரப்பர் தேயும் சத்தம் மட்டும் கேட்டது.

"இவரைப் போல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று நேராகப் பெரியவளிடமே கேட்டாள்.

"தெரியாது. அதை நாங்கள் எண்ணுவதில்லை."

பாஷை புரியாவிட்டாலும் ஏதோ உடைந்துவிட்டது என்று கணவனுக்குப் புரிந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வந்தவள் அட்டையை மடியில் வைத்தாள். அப்பாவைப் பார்த்து, அட்டையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். "உங்கள் நாட்டுக்கு இந்த மூன்றாம் இடம் தகும் என்று நினைக்கிறீர்களா?"

சிரிப்பு சார் அதை மொழிபெயர்த்ததும் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"தகும்மா. இத்தனை வருஷம் நான் நல்லா வாழ்ந்திருக்கேன், இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போயிடும். ஆனா ஒண்ணு. நல்ல வண்டின்னு பேர் வாங்கிட்டா டிரைவருக்கு ஒரு கெட்ட புத்தி வரும். அடியில ஏதாவது சத்தம் கேட்டா இறங்கிப் பார்க்க மாட்டான். ரேடியோவைச் சத்தமா வெச்சுக்குவான். அப்படி ஓட்டின ரெண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தன் வண்டி பாலத்துக்குக் கீழே கிடந்துச்சு."

இந்த முறை சிரிப்பு சார் ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தார். ஒவ்வொரு வரிக்கும் வந்தவள் பெரியவளின் முகத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவள் முதலில் லிஃப்டுக்குப் போனாள். சிரிப்பு சார் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்.

"அந்த பாஷை ரொம்ப நல்லா பேசுறீங்கம்மா. உங்க சர்வீஸ் ரெக்கார்டுல இது இல்லையே."

"யாரும் கேட்கலை சார்."

"சேர்த்துடலாம். எல்லாத்தையும் சேர்த்துடலாம்."

கதவை அவரே மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அறைந்து சாத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

"போச்சு," என்றான் கணவன். குரலை உயர்த்தவில்லை. "வியாழக்கிழமை போச்சு. அப்பாகிட்ட சொல்லிட்டேன்னு தலையாட்டினியே, சொன்னியா?"

"சொல்லலை."

"அவர் வெகுளியா சொல்லிட்டார். அந்த ஆள் மாத்திச் சொன்னான். எல்லாம் தானா சரியாயிருந்துச்சு. உன்னை யார் வாயைத் திறக்கச் சொன்னது?"

"மாப்பிள்ளே," என்றார் அப்பா நாற்காலியிலிருந்து. "வியாழக்கிழமை விஷயம் எனக்குத் தெரியும். சின்னவ காலையிலேயே ஃபோன்ல சொல்லிட்டா. பத்தொன்பதுன்னு சொன்னாத்தான் அந்த இடம்னு ஆஸ்பத்திரியிலயே பேச்சாம்."

இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். சின்னவள், அவளுடைய தங்கை, மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பட்டியல் எழுதும் குமாஸ்தா. அங்கே ஒரு இடம் காலியானால் முதலில் தெரிவது அவளுக்குத்தான்.

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க மாமா?"

"நானும் பத்தொன்பதுன்னு சொல்லத்தான் இருந்தேன். சவரம் பண்ணும்போது ரெண்டு தடவை சொல்லிக்கூடப் பார்த்தேன். அந்தம்மா கேட்டதும் வரலை." அவர் பெரியவளைப் பார்த்தார். "பத்தொன்பது நாள்னு நானே சொல்லிட்டா, மீதி பத்து மாசமும் நான் எங்கேதான் இருந்தேன்? இந்த நாற்காலியிலதானே இருந்தேன்."

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்கு மணிக்கு மறுபடி மணி அடித்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு ஆள், கடிதம் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி முத்திரை. கணவன்தான் பிரித்தான். முதல் வரியைப் படித்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"மாமா, நாளைக்கே ஆபரேஷன். காலை ஏழு மணி. பார்த்தியா, நீதான் வீணா..." என்று பெரியவள் பக்கம் திரும்பியவன், அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டான்.

அவள் வாங்கிப் படித்தாள். இடம் மாவட்ட ஆஸ்பத்திரி அல்ல. அது பத்து நிமிஷ நடை. கடிதத்தில் இருந்தது மலைக்கு அந்தப் பக்கம், எல்லையோரம் உள்ள ஆஸ்பத்திரி. கடைசியில் ஒரு வரி. 'குறித்த நேரத்தில் வராதவர்கள் சிகிச்சையை மறுத்ததாகக் கருதப்பட்டு, பட்டியலிலிருந்து அவர்கள் பெயர் நீக்கப்படும்.'

"ஒன்பது மணி நேரம்," என்றார் அப்பா. யாரும் கேட்காமலே. "கணவாய் வழியா போனா. நான் அந்த ரூட்டுல ஆறு வருஷம் ஓட்டியிருக்கேன்."

"நீங்க கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு வர்றதுக்கே ரெண்டு தடவை நிக்கிறீங்கப்பா. மலை ஏறி இறங்கப் போறீங்களா?"

"போகலேன்னா பேர் போயிடும்," என்றான் கணவன். அவன் குரலில் காலையில் இருந்த கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. "மறுபடி முதல்லேர்ந்து டாக்டர், கையெழுத்து, பதினொரு மாசம். அதுவரைக்கும் மாமா..." முடிக்கவில்லை.

"பின்சீட்ல படுத்துக்கிட்டே வந்துடுவேன்," என்றார் அப்பா. "மாப்பிள்ளை நிதானமா ஓட்டுவார்."

"அவசரப்படாதீங்க. சின்னவளைக் கேட்டுடறேன்."

அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டாள். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. வெளியே அலமாரி திறக்கிற சத்தமும், மருந்து டப்பா குலுங்குகிற சத்தமும் கேட்டன. "சும்மா கீழே போய் வண்டியில உட்கார்ந்து பார்க்கிறேன், கால் நீட்ட இடம் காணுமான்னு" என்று அப்பா சொல்வதும், பிறகு லிஃப்ட் இறங்குவதும் கேட்டன. நான்காவது தடவை சின்னவள் எடுத்தாள். ரகசியக் குரலில் பேசினாள்.

"சொல்லுக்கா."

பெரியவள் கடிதத்தை வரி விடாமல் படித்துக் காட்டினாள். 

"அது நான் எழுதினது இல்லக்கா. அந்த மாதிரிக் கடிதம் எங்க மேஜைக்கு வராது. மேலேயிருந்து நேரா போகும். நகல் மட்டும்தான் வரும். இந்த வருஷம் மூணு வந்துச்சு."

"மூணு பேரும் போனாங்களா?"

"ரெண்டு பேர் போகலை. எப்படிப் போவாங்க, ஒருத்தருக்கு எண்பது வயசு. சிகிச்சையை மறுத்துட்டார்னு எழுதி நான்தான் என் கையால பேரை அடிச்சேன்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"அடிச்சதுக்கு அப்புறம் நாங்க பார்க்கிறதில்லக்கா. பார்க்கிறதுக்கு அங்கே ஒரு கட்டமும் இல்ல."

 போன வாரம் பெரியவள் எண்களாகப் பார்த்ததை இன்றைக்குத் தங்கை ஆட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது ஆள்?"

ஃபோனில் ஏதோ தள்ளுவண்டி உருண்டு போகும் சத்தம் கேட்டது. அது கடந்து போகும் வரை சின்னவள் காத்திருந்தாள்.

"அவர் போனார்."

"போய்?"

"ஃபோன்ல வேண்டாம். இங்கே பக்கத்துல ஆள் இருக்கு. நான் இப்பவே கிளம்பி வரேன், பத்து நிமிஷம். அதுவரைக்கும் அப்பாவை எங்கேயும் அனுப்பாதே. அத்தான்கிட்டயும் சொல்லு. கேட்குதாக்கா? நான் வர்ற வரைக்கும் வண்டியை எடுக்க விடாதே."

பெரியவள் கதவைத் திறந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. அப்பாவின் கட்டிலில் தலையணை இல்லை, போர்வையும் இல்லை. கணவனின் எண்ணை அடித்தாள். மேஜை மேல், சார்ஜரில் செருகியபடியே, அவன் ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள். கீழ்த்தளத்தில் தையல்கடை வைத்திருக்கும் அம்மாள் வெளியே தொங்கிய துணிகளை அவசர அவசரமாக உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மழை அடித்து ஓய்ந்து, அடுத்ததற்கு வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"உங்ககிட்ட சொல்லச் சொன்னார்மா உங்கப்பா," என்றாள் அவள். "இருட்டறதுக்குள்ள கணவாயைத் தாண்டணுமாம். மேலே வந்து சொன்னா நீங்க விடமாட்டீங்களாம். பின்சீட்ல நல்லா வசதியாத்தான் படுத்துக்கிட்டார்."

பெரியவள் தெருவுக்கு ஓடினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பதாகைகள் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு வண்டியும் இல்லை.

தெரு முழுக்க ஈரம். அவர்கள் வண்டி நின்ற இடத்தில் மட்டும் தரை நீளச் சதுரமாகக் காய்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேலும் ஒன்று, இரண்டு, நான்கு என்று துளிகள் விழ ஆரம்பித்தன.